ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி: யாரை எடுப்பது, விட்டவர்களிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: எங்கள் நாட்டின் 20 வயதுக்குட்பட்டோர் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்கும் குழுவில் இந்த வருடம் முதல் முறையாக என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நான்கு நாள் முகாம். 46 பையன்கள் வருகிறார்கள், 22 பேரை எடுக்க வேண்டும். உலகப் போட்டியின் கீழ்ப் பிரிவில்தான் ஆடுகிறோம், ஏழு நாளில் ஐந்து ஆட்டம். குழுவில் இருக்கும் மூத்தவர்கள் இருவர், "கிளப் ஆட்டங்களில் அதிக கோல் அடித்தவர்களை மேலிருந்து எண்ணி எடுத்துவிடலாம், அப்புறம் யாரும் கேள்வி கேட்க முடியாது" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வேறு என்ன செய்யலாம் என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. டிசம்பரில் பிறந்த, உயரம் குறைந்த ஒரு ஃபார்வர்ட் இருக்கிறான். ஆட்டத்தை அவ்வளவு அழகாகப் புரிந்துகொள்கிறான். மற்றவர்கள் "இடித்தால் விழுந்துவிடுவான்" என்று தள்ளுகிறார்கள். இன்னொரு சங்கடம், என் அக்கா மகனும் முகாமுக்கு வருகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுக்காத 24 பேரிடம் என்ன சொல்வது? அதை நினைத்தால் இப்போதே தூக்கம் வரவில்லை.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் இத்தனை வருட உழைப்பை நான்கு நாளில் எடைபோடப் போகிறோம். அந்தக் கனம் தெரிந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.

முதலில் அந்தக் கோல் பட்டியலைப் பார்ப்போம். உங்கள் மூத்தவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. எண்கள் பாரபட்சம் பார்க்காது, பெற்றோருக்கும் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கிளப்பில் அதிக கோல் அடிப்பவன் யார்? அந்த அணியின் முதல் லைனில், அதாவது சேர்ந்து இறங்கும் முதல் மூன்று ஃபார்வர்ட்களில் ஒருவனாக ஆடுபவன். எதிரணி ஆள் குறைந்து நிற்கும் பவர் பிளேயில் முதலில் இறங்குபவன். தன் அணியில் ஒருவன் பெனால்ட்டி வாங்கிக்கொண்டு போனால், கோச் இவனைப் பெஞ்சில் உட்காரவைத்து ஓய்வு கொடுப்பார். இப்படிப்பட்டவர்களாகப் பதின்மூன்று பேரைப் பொறுக்கி ஒரே அணியில் போட்டால், பவர் பிளேயில் நிற்க ஐந்து பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு குழுவில் இதே மாதிரி பட்டியலுக்குக் கைதூக்கினேன். முதல் ஆட்டத்தில் நம் பையன் ஒருவன் இரண்டு நிமிட பெனால்ட்டி வாங்கினான். நால்வராக நின்று கோலைக் காக்க வேண்டும். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தோம். ஷாட்டுக்குக் குறுக்கே விழுந்து பழகியவன், பக் என்னும் ரப்பர் வட்டைத் துரத்தாமல் இடத்தைப் பிடித்து நிற்கத் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை. அந்த வேலையைத் தன் கிளப்பில் வருடம் முழுக்கச் செய்துகொண்டிருந்த பையனை முகாமின் மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். அவன் கணக்கில் இருந்தது நான்கே கோல். அந்தத் தொடரில் வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் ஆள் குறைவாக நின்றபோது வாங்கியவை. பையன்கள் தலைகுனிந்து வந்தார்கள். தவறு எங்களுடையது.

அதனால் என் முதல் யோசனை: பையன்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன்பு வேலைப் பட்டியலை எழுதுங்கள். ஒரு ஆட்டத்துக்கு 20 ஸ்கேட்டர்கள், அதாவது கோல்கீப்பர் அல்லாத வீரர்கள், 2 கோல்கீப்பர்கள் வரை பெயர் கொடுக்கலாம். 22 கட்டங்களை வெறுமையாகப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மூன்றாக நான்கு ஃபார்வர்ட் லைன். இரண்டிரண்டாக மூன்று டிஃபென்ஸ் ஜோடி. மிச்சம் இருக்கும் இரண்டு ஸ்கேட்டர் இடமும் காயத்துக்கும் களைப்புக்கும் மாற்று. ஒவ்வொரு கட்டத்துக்கு மேலும் அந்த இடத்தில் நிற்பவன் செய்ய வேண்டியதை ஒரே வரியில் எழுதுங்கள். ஆள் குறையும்போது இறங்கும் நான்கு ஃபார்வர்ட்கள் யார்? நம் கோலுக்குப் பக்கத்து வட்டத்தில், நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ் ஆஃப் விழுந்தால் அதை ஜெயிக்கக்கூடிய சென்டர், லைனின் நடுவில் ஆடுபவன், யார்? இடது கை, வலது கை இரண்டிலும் ஒவ்வொருவர் இருந்தால் நல்லது. வலது பக்கம் நிற்க வலது கை டிஃபென்ஸ் எத்தனை பேர்? இது எப்போதும் அரிதான சரக்கு, கடைசி நாளில் தேடினால் கிடைக்காது. ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது கடைசி நிமிடத்தில் யாரை இறக்குவோம்? லீக் சுற்றில் ஆட்டம் சமமாக முடிந்தால் ஐந்து நிமிட ஓவர்டைமில் இரு பக்கமும் மூன்று மூன்று பேர்தான். திறந்த ஐஸில் பக்கை விடாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் யார்?

நான்காவது லைனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஐந்து ஆட்டம் ஏழு நாளில் என்றால், முதல் இரண்டு லைனை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. நாற்பது, நாற்பத்தைந்து நொடிக்கு ஒரு முறை ஆள் மாறும் ஆட்டம் இது. நான்காவது லைன் தன் நாற்பது நொடியில் கோல் வாங்காமல் எதிரணியை அவர்கள் பக்கத்திலேயே அடைத்துவைத்தால் போதும், அது அணிக்குப் பெரிய உதவி. தன் ஊரில் நட்சத்திரமாக இருந்த பையனை இங்கே கொண்டுவந்து எட்டு நிமிடம் ஆடு என்றால் சிலருக்கு முகம் வாடிவிடும். சிலர் அந்த எட்டு நிமிடத்துக்காக உயிரைக் கொடுப்பார்கள். யார் எப்படி என்பதை முகாமிலேயே பார்த்துவிடலாம். நீங்களே ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், "நான்காவது லைனில் போட்டால் என்ன செய்வாய்?" என்று. வாயால் சொல்லும் பதிலைவிட, மறுநாள் உண்மையிலேயே அங்கே போட்டுப் பாருங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதம் எவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்குக் கனடாவின் கதை ஒன்று இருக்கிறது. 1981 ஜூனியர் உலகக் கோப்பைக்குக் கனடா, ஜூனியர் கிளப்களுக்கான மெமோரியல் கோப்பையை வென்ற கார்ன்வால் ராயல்ஸ் கிளப்பைத்தான் நாட்டின் அணியாக அனுப்பியது. எட்டு அணிகளில் ஏழாவது இடம். அடுத்த வருடம் நாடு முழுக்கத் தேடி, முகாம் வைத்து, ஒரு அணிக்கு என்னென்ன வேண்டுமோ அதன்படி ஆள் எடுத்தார்கள். 1982இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம். கார்ன்வால் நல்ல கிளப்தான். ஆனால் தேசிய அணியைக் கட்டுவது வேறு வேலை. உங்கள் மூத்தவர்களிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், எதிர்வாதம் செய்வது போலவும் இருக்காது.

சரி, முகாமில் எப்படிப் பார்ப்பது? பக்கைப் பார்க்காதீர்கள். பழக்கத்தில் கண் அதன் பின்னால்தான் ஓடும், வலிந்து திருப்ப வேண்டும். ஒரு முழு ஆட்டத்தில் மிகத் திறமையான வீரனின் மட்டையில்கூட பக் இருக்கும் நேரம் ஒன்றிரண்டு நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் அவன் பக் இல்லாமல்தான் ஆடுகிறான். அந்த நேரத்தில் என்ன செய்கிறான் என்பதுதான் நமக்கு வேண்டியது. ஒரு ஷிஃப்டுக்கு ஒரே பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸில் இறங்கியதிலிருந்து பெஞ்சுக்குத் திரும்பும் வரை அவனை மட்டும் பாருங்கள். பக்கைப் பறிகொடுத்ததும் அவன் எடுத்துவைக்கும் அடுத்த மூன்று அடி எப்படி இருக்கிறது? தலையைத் தூக்கி அண்ணாந்து நடுவரைப் பார்க்கிறானா, அல்லது திரும்பி ஓடுகிறானா? கூட்டாளியிடம் பக் இருக்கும்போது அவனுக்குக் கண்ணில் படும்படி நகர்கிறானா? பக் தன்னிடம் வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறானா? இந்தக் கடைசி ஒன்று பழக்கத்தில் ஊறியது. முகாமுக்காக நடிக்க முடியாது.

இடத்தையும் மாற்றி மாற்றி உட்காருங்கள். ஒரு நாள் மேல் வரிசையில். அங்கிருந்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்ற வரைபடம் தெரியும். ஒரு நாள் பெஞ்சுக்குப் பின்னால். கோல் வாங்கிவிட்டு வந்தவன் மட்டையைத் தட்டுகிறானா, கூட்டாளியைத் தட்டிக்கொடுக்கிறானா, தண்ணீர் பாட்டிலை அடுத்தவனுக்குத் தள்ளுகிறானா என்பதெல்லாம் அங்கே காதிலும் கண்ணிலும் விழும். அடுத்து, லைன்களைத் தினமும் கலையுங்கள். ஒரே கிளப்பில் இருந்து வந்த இருவரை இரண்டு நாள் சேர்த்து ஆடவிட்டால் ஒருவன் வெளிச்சத்தில் இன்னொருவனும் மின்னுவான். பிரித்துப் போட்டால்தான் யாருடைய வெளிச்சம் என்று புரியும். முதல் நாள் பதற்றத்தில் சொதப்பியவனை முதல் நாளே கழிக்க வேண்டாம். மூன்றாம் நாள் மாலை, கால் கனத்துப்போன நேரத்தில் வைக்கும் ஆட்டத்தை நான் மிகவும் நம்புகிறேன். உங்கள் தொடரின் நான்காவது, ஐந்தாவது ஆட்டம் அப்படித்தான் இருக்கும்.

உடல் தகுதிச் சோதனைகள் வேண்டும்தான். சைக்கிள் சோதனை, குறுந்தூர வேகம் எல்லாம் எடுங்கள். அவை ஒரு பையன் கோடையில் உழைத்தானா என்பதைச் சொல்லும், ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவனா என்பதைச் சொல்லாது. கோல்கீப்பர்களைப் பொறுத்தவரை தடுத்த ஷாட்டுகளின் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், முன்னால் நின்ற டிஃபென்ஸ் எப்படி என்பதும் அதில் கலந்திருக்கிறது. தடுத்த பக் எங்கே போய் விழுகிறது, ஒரு மோசமான கோலுக்குப் பிறகு வரும் அடுத்த ஷாட்டை எப்படி எதிர்கொள்கிறான், இந்த இரண்டும் முக்கியம். ஐந்து ஆட்டத்தையும் ஒருவனே ஆடுவான் என்று நினைத்து இரண்டாமவனைப் பேருக்கு எடுக்க வேண்டாம். ஏழு நாளில் அவன் கட்டாயம் தேவைப்படுவான்.

உங்கள் டிசம்பர் பையனுக்கு வருகிறேன். ஜூனியர் போட்டிகளில் வயதுக் கணக்கு ஜனவரி 1ஐ வைத்துத்தான். ஒரே வருடத்தில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயது என்று கணக்கு. உண்மையில் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். பத்து வயதில் அந்த வித்தியாசம் மலை போல. பெரியவனாகத் தெரிந்தவனை நல்ல அணியில் எடுக்கிறோம், அங்கே அவனுக்கு நல்ல கோச், அதிக ஐஸ் நேரம். இப்படியே வருடா வருடம் இடைவெளி பெருகுகிறது. ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1985இல் கனடா ஹாக்கியில் இதை எடுத்துக்காட்டினார்கள். மேல்மட்ட அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவு. அதற்குப் பிறகு பல விளையாட்டுகளில் இதே கதைதான் தெரியவந்தது.

உங்கள் முகாமின் 46 பேரையும் பிறந்த மாதப்படி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்தத் தாளை மேசையில் வைத்தாலே குழுவின் பேச்சு கொஞ்சம் மாறும். பத்து வருடமாகத் தன்னைவிடப் பெரியவர்களுக்கு நடுவில் ஆடி, இன்னும் கழிந்துபோகாமல் தேசிய முகாம் வரை வந்திருக்கிறான் ஒரு டிசம்பர் பையன். உடம்பால் முடியாததை மூளையால் ஈடுகட்டக் கற்றுக்கொண்டுதான் வந்திருப்பான். நீங்கள் ரசித்த "ஆட்டத்தைப் புரிந்துகொள்ளும் அழகு" அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

அதற்காகப் பரிதாபப்பட்டு எடுத்துவிடாதீர்கள். "இடித்தால் விழுந்துவிடுவான்" என்பது ஒரு ஊகம், அதைச் சோதித்துப் பார்க்கலாம். மூன்றாம் நாள், முகாமிலேயே கனமான டிஃபென்ஸ் ஜோடிக்கு எதிராக அவனை இறக்குங்கள். போர்டு எனப்படும் சுற்றுச்சுவர் ஓரத்திலும் மூலையிலும் பக்குக்காக மல்லுக்கட்டும் இடங்களில் கண்ணை வையுங்கள். அவன் விழுகிறானா என்பதை எண்ண வேண்டாம், பெரியவர்களும் விழுகிறார்கள். மூலைக்குள் போன பத்து முறையில் எத்தனை முறை பக் நம் பக்கம் வெளியே வருகிறது என்று எண்ணுங்கள். இடி வருவதற்கு முன்பே பக்கைத் தள்ளிவிட்டு வழியிலிருந்து நழுவுகிறான் என்றால் அவனை எடுக்கலாம். மூலைக்குப் போகவே தயங்குகிறான் என்றால் இந்த வருடம் வேண்டாம், ஆனால் பெயரைக் கிழிக்காதீர்கள்.

பதினெட்டு வயதில் நாம் போடும் எடை எவ்வளவு தவறலாம் என்பதற்கு உதாரணங்கள் நிறைய. வட அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எச்எல்லில், அணிகள் இளம் வீரர்களை வரிசையாகப் பொறுக்கும் டிராஃப்டில் பாவெல் தாட்சியுக்கை 1998இல் 171ஆவதாகத்தான் எடுத்தார்கள். ஹென்ரிக் செட்டர்பெர்க் 1999இல் 210ஆவது. ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000இல் 205ஆவது. ஐந்தடி எட்டு அங்குல மார்ட்டின் செயின்ட் லூயியை எந்த அணியும் டிராஃப்டில் தொடவே இல்லை. 2004இல் அந்த லீகின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை அவருக்குத்தான் போனது. திறமையைத் தேடிக் கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்யும் ஸ்கவுட்டுகளை வைத்திருக்கும் அணிகளின் முடிவுகள் இவை. நமக்கு நான்கு நாள்தான் இருக்கிறது.

குழு அறையில் ஒரே ஒரு ஒழுங்கைக் கொண்டுவர முயற்சி செய்யுங்கள். பகலில் யாரும் யாரிடமும் பையன்களைப் பற்றிப் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தனியாகக் குறிப்பெழுத வேண்டும். மாலையில் வயதில் இளையவர் முதலில் பேசட்டும், மூத்தவர் கடைசியில். மூத்தவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், நம் வழக்கம் அப்படி. நீங்கள் புதியவர் என்பதால் இதைக் கேட்கத் தயக்கம் இருக்கும். "நான் கற்றுக்கொள்ள வேண்டும், என் கருத்தை முதலில் சொல்லிவிட்டு நீங்கள் திருத்துவதைக் கேட்கிறேன் ஐயா" என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். இன்னொன்று, இந்த வருடம் ஜெயிப்பதா, அடுத்த வருடத்துக்கும் சேர்த்துக் கட்டுவதா என்பதை முகாம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அடுத்த வருடமும் தகுதியுள்ள இளையவர்களுக்கு இரண்டு மூன்று இடம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் கடைசி இரவில் சண்டை வராது.

இப்போது அந்த 24 பேர்.

சுவரில் பட்டியல் ஒட்டாதீர்கள். கைப்பேசியில் செய்தி அனுப்பாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிடுங்கள், அறையில் குழுவிலிருந்து இருவர் இருக்கட்டும். முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லுங்கள். "நீ நல்லாத்தான் ஆடினாய், ஆனால்..." என்று சுற்றி வளைத்தால், அந்த "ஆனால்" வரும் வரை பையனின் நெஞ்சு படும் பாட்டை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். "இந்த வருடம் உன்னை எடுக்கவில்லை." பிறகு ஒரு நொடி சும்மா இருங்கள். பிறகு காரணம். காரணம் அவனுக்கே உரியதாக இருக்க வேண்டும், அவனால் வேலை செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "போட்டி கடுமையாக இருந்தது" என்பது காரணமே இல்லை. "பின்னோக்கி ஸ்கேட் செய்துகொண்டே இடப்பக்கம் திரும்பும்போது உன் வேகம் அறுந்துவிடுகிறது, இரண்டாம் நாள் மூன்று முறை அதனால் உன்னைத் தாண்டிப் போனார்கள்" என்பது காரணம். இப்படிச் சொல்ல வேண்டுமானால் நான்கு நாளும் அவனைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். எடுக்காதவர்களைப் பற்றிய குறிப்பு எடுத்தவர்களைப் பற்றியதைவிடத் தெளிவாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

அழுதால் அழட்டும், அவசரப்படுத்தாதீர்கள். வீட்டுக்கு அவனே முதலில் பேசட்டும். அதற்குப் பிறகுதான் நாம். பெற்றோர் அன்றிரவே விளக்கம் கேட்டால், "நாளை மறுநாள் பேசலாம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தனியாகப் பயணம் போகும் பையன் யாராவது இருந்தால், கூட யார் போகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் படுக்கப் போக வேண்டும். யாருக்காவது காயம்பட்டால் கூப்பிடக்கூடிய ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி, பயிற்சியை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவனிடம் போலியான நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

ஹெர்ப் புரூக்ஸ் என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1960 ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்க அணியிலிருந்து கடைசி நேரத்தில் கழிக்கப்பட்டவர் அவர். அவர் இல்லாமல் போன அந்த அணி தங்கம் வென்றது. அதற்குப் பிறகு 1964, 1968 இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடினார். 1980 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கு அவரே கோச். அந்த ஒலிம்பிக் நடந்த லேக் பிளாசிடுக்குப் போகும் முன் கடைசியாக ஒருவரைக் கழிக்க வேண்டியிருந்தது, ரால்ஃப் காக்ஸ். தனக்கு நேர்ந்ததையே இன்னொருவருக்குத் தன் வாயால் சொல்ல வேண்டிய நிலை. அந்த அணியும் தங்கம் வென்றது. கழிப்பது தவிர்க்க முடியாதது என்று அவருக்குத் தெரியும், அது எவ்வளவு நாள் வலிக்கும் என்பதும் தெரியும். உங்கள் எதிரே உட்காரும் பையன்களில் சிலர் நாளைக்குக் கோச்சாக வருவார்கள், உங்கள் நாற்காலியில் உட்காருவார்கள். இன்று நீங்கள் பேசும் விதத்தைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள்.

கடைசியாக உங்கள் அக்கா மகன். முகாமுக்கு முன்பே குழுத் தலைவரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், இவன் எனக்கு உறவு என்று. அவனுக்கு நீங்கள் மதிப்பெண் போட வேண்டாம். அவன் பெயர் வரும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள். அவனோடு அதே இடத்துக்குப் போட்டியிடும் பையன்களைப் பற்றிப் பேசும்போதும் வெளியேதான் இருக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இதற்கு நேரெதிரான தவறும் ஒன்று உண்டு. தன் கை சுத்தம் என்று காட்டுவதற்காகச் சொந்தப் பிள்ளையைக் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரியவரின் நல்ல பெயருக்கு அந்தப் பையன் விலை கொடுத்தான். அவனுக்காகவும் பேசாதீர்கள், எதிராகவும் பேசாதீர்கள்.

இதையெல்லாம் அக்காவிடம் முகாமுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், முடிவு வந்த பிறகு சொன்னால் சாக்கு போலத் தெரியும். பையனையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். "அந்த நான்கு நாளும் நான் உனக்கு மாமா இல்லை. முடிந்த அன்று ராத்திரி, முடிவு எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு வருவேன், அப்போது உன் மாமாதான்." அன்று ராத்திரி கட்டாயம் போய்விடுங்கள்.